டைனோசர் பார்க்கப் போகிறோம், அக்கா!

ஜூன் விடுமுறை நெருங்கினால் போதும், எனக்கு வருகிற கடிதங்களில் பாதி "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது" என்றுதான் இருக்கும். போன இதழில் நம் சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டு இந்த முறை ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. சரி, இந்த வாரம் முழுக்க அதுவே இருக்கட்டும். சமையல் கேள்விகள் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, என் மகனுக்கு நான்கு வயது. டைனோசர் பைத்தியம். எனக்கு வாயில் நுழையாத பெயரெல்லாம் சரளமாகச் சொல்கிறான். அரும்பொருளகத்திற்குக் கூட்டிப் போகலாம் என்றால் என் கணவர், "நாலு வயசில் என்ன புரியும், டிக்கெட் காசு வீண், இன்னும் மூணு வருஷம் போகட்டும்" என்கிறார். எலும்புக்கூட்டைப் பார்த்துப் பயந்துபோய் ராத்திரி அழுவானோ என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு கலக்கம். போகலாமா?
— ஓர் அம்மா, பொங்கோல்

போங்கள். மூன்று வருடம் கழித்து அவன் டைனோசரை மறந்து காற்பந்துக்கோ கைப்பேசி விளையாட்டுக்கோ போயிருப்பான், அப்போது நீங்கள் கெஞ்சினாலும் வரமாட்டான். பைத்தியம் இருக்கும்போதே கூட்டிப் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். என் மூத்த பேரனை முதல் தடவை கூட்டிப் போனபோது அவனுக்கும் நான்கு வயதுதான். காசு கொடுத்து வந்திருக்கிறோம், ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று வாசலில் இருந்தே ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னும் நின்று, எழுதியிருப்பதை எல்லாம் சத்தமாகப் படித்து அவனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அங்கே செடிகொடிகளில் தொடங்கி, முதுகெலும்பில்லாத உயிர்கள், மீன், பறவை, பாலூட்டி என்று வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் பாசியையும் பெரணியையும் முடித்து நண்டுக்கு வருவதற்குள் அவன் தரையில் மல்லாக்கப் படுத்துவிட்டான். சும்மா இல்லை, கை கால் பரப்பிக்கொண்டு. பக்கத்தில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அவனைத் தாண்டிப் போனார்.

அதனால் நேரே நடுக்கூடத்துக்குப் போய்விடுங்கள். அங்கே மூன்று டைனோசர்கள் நிற்கின்றன: பிரின்ஸ், அப்போலோனியா, ட்விங்கி. மூன்றும் நீண்ட கழுத்தும் அதைவிட நீண்ட வாலும் கொண்ட, இலைதழை தின்கிற வகை. ட்விங்கிதான் சின்னது, அதுவே சுமார் 12 மீட்டர். நம் ஊர் பேருந்து நீளமும் அதேதான், போகிற வழியில் பேருந்தை முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து காட்டி "இவ்வளவு பெரிய குட்டி" என்று சொல்லி வையுங்கள், உள்ளே போய் ட்விங்கியைப் பார்க்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். மற்ற இரண்டும் இருபது மீட்டரைத் தாண்டும். மூன்றும் ஒரே இடத்தில் அக்கம்பக்கமாகக் கிடைத்தவை என்பதால் ஒரே கூட்டமாகத் திரிந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தி போதும், அவனே அப்பா அம்மா பாப்பா என்று குடும்பம் ஆக்கிக்கொள்வான். நீங்கள் திருத்த வேண்டாம்.

பயத்துக்கு ஒரு வீட்டு வைத்தியம். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால், போவதற்கு முந்தின நாள் கோழிக்குழம்பு வைத்து, காலெலும்பைக் கழுவி அவன் கையில் கொடுங்கள். "இதுதான் எலும்பு, உன் காலுக்குள்ளேயும் இருக்கிறது, டைனோசருக்குள்ளேயும் இருந்தது" என்று தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். கோழி உட்படப் பறவைகள் எல்லாம் டைனோசர் வம்சத்தில் வந்தவை என்பதையும் சேர்த்துச் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை. சைவ வீடு என்றால் அவன் முழங்காலையும் விலாவையும் தடவிக் காட்டினாலே போதும். எலும்புக்கூடு என்றால் பேய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது தொலைக்காட்சிதான், எலும்பு இல்லை.

முக்கால் மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி நேரம். அவன் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும்போதே வெளியே வந்துவிடுங்கள். உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைவதற்கு முன்பே வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, கழிவறைக்கும் கூட்டிப் போய்விடுங்கள், இதை எழுதினால் சிரிப்பீர்கள், ஆனால் பாதிப் பயணங்கள் கெட்டுப்போவது இதனால்தான். கணவரையும் கூட்டிப் போங்கள். அவர்தான் கடைசியில் வெளியே வர மறுப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆன்டி, அந்த டைனோசர் எலும்பு எல்லாம் உண்மையா, பிளாஸ்டிக்கா? என் வகுப்பில் ஒருவன் பிளாஸ்டிக் என்கிறான். பந்தயம் கட்டியிருக்கிறோம்.
— தொடக்கநிலை 3 மாணவன், ஜூரோங் வெஸ்ட்

தம்பி, பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய், ஆனால் முழுதாக இல்லை. பெரும்பகுதி உண்மையான புதைபடிவம். கிடைக்காமல் போன துண்டுகளுக்கு மட்டும் அச்சில் வார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். எத்தனையோ கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததில் ஒன்றிரண்டு எலும்பு காணாமல் போகாதா?

இந்த மூன்றும் அமெரிக்காவில் வயோமிங் என்ற மாநிலத்தில், டென் ஸ்லீப் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்தவை. 2007க்கும் 2010க்கும் இடையில் தோண்டி எடுத்தார்கள். வயது சுமார் 15 கோடி ஆண்டு. உன் நண்பனிடம் இன்னொன்றும் கேள்: டி-ரெக்ஸ் வந்து பிரின்ஸைக் கடித்திருக்குமா? கடித்திருக்கும் என்பான். கடித்திருக்காது! டி-ரெக்ஸ் வாழ்ந்தது ஏறக்குறைய 6 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அதாவது பிரின்ஸுக்கும் டி-ரெக்ஸுக்கும் நடுவில் இருக்கிற காலம், டி-ரெக்ஸுக்கும் உனக்கும் நடுவில் இருப்பதைவிட அதிகம். பேப்பரில் ஒரு கோடு போட்டு, ஒரு கோடி ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளந்து பார். மனிதனைக் குறிக்க உன் பென்சில் முனைகூடத் தடிமனாகத்தான் இருக்கும்.

உண்மையான எலும்பு என்று சொன்னேனே, அதிலும் ஒரு சங்கதி உண்டு. மண்ணுக்குள் கிடக்கும்போது நிலத்தடி நீரில் கரைந்திருக்கிற தாதுக்கள் எலும்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி உட்கார்ந்து அது கல்லாகவே மாறிவிடும். வடிவம் எலும்பு, கனம் கல். ஆகவே உன் நண்பன் அடுத்த தடவை "அது எலும்பே இல்லை, கல்" என்று சண்டைக்கு வந்தால் அவனுக்கும் அரை மதிப்பெண் கொடுத்துவிடு.

அக்கா, ஆறு வயது மகளை அழைத்துப் போயிருந்தோம். டைனோசரை எல்லாம் சந்தோஷமாகத்தான் பார்த்தாள். பாடம் செய்து வைத்திருக்கிற விலங்குகள் பக்கம் வந்ததும், "அப்பா, இதெல்லாம் செத்துப்போச்சா? யார் கொன்னா? நமக்குக் காட்டுறதுக்காகக் கொன்னாங்களா?" என்று கேட்டுக் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் தூங்குகின்றன என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கிறாள். என்ன சொல்வது?
— ஒரு தந்தை, சுவா சூ காங்

முதலில் அந்தத் தூக்கக் கதையை வாபஸ் வாங்குங்கள். நீங்கள் நல்ல மனசோடுதான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் தூங்கினால் இப்படிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள் என்று ஆறு வயதுப் பிள்ளை நினைத்துக்கொண்டால் அதற்குப் பிறகு படுக்கைக்குப் போவதே பெரும்பாடாகிவிடும். செத்துப்போனவை என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும், கொஞ்ச நேரம்.

யார் கொன்றது என்பதற்கு ஒரே பதில் கிடையாது, அதையும் உள்ளபடியே சொல்லலாம். பழைய காலத்தில், வெள்ளைக்காரன் ஆண்ட நாட்களில், சேகரிப்பு என்றாலே பெரும்பாலும் துப்பாக்கிதான். ராஃபிள்ஸ் அரும்பொருளகம் என்று ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்ததே, இப்போது தேசிய அரும்பொருளகமாக இருக்கிற அதே கட்டடம், 1887இல் திறந்தது, அங்கே சேர்ந்த விலங்குத் தொகுப்புதான் பல இடம் மாறிக் கடைசியில் 2015இல் கென்ட் ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது. அதில் நிறைய சுட்டு எடுத்து வந்தவை. இன்றைக்கு அப்படி இல்லை. சாலையில் அடிபட்டுச் செத்தது, கரை ஒதுங்கியது, இப்படித்தான் பெரிய விலங்குகள் வந்து சேர்கின்றன.

அவளுக்குச் சொல்ல நல்ல கதை ஒன்று அங்கேயே இருக்கிறது. அடுத்த முறை நேரே அந்தத் திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். பெயர் ஜூபி லீ. 2015 ஜூலை 10ஆம் தேதி ஜூரோங் தீவுக்கு அருகே செத்து மிதந்தது. 10.6 மீட்டர் நீளப் பெண் திமிங்கிலம், ஸ்பெர்ம் வேல் என்கிற வகை. செய்தித்தாளில் அம்பர்கிரீஸ் கடத்தல் என்று அடிக்கடி படிக்கிறோமே, வாசனைத் திரவியத்தில் சேர்க்கிற அந்தப் பொருள் உருவாவது இந்த வகைத் திமிங்கிலத்தின் குடலில்தான். இந்த வகைத் திமிங்கிலம் சிங்கப்பூர்க் கடலில் காணப்பட்டதாகப் பதிவானது அதுதான் முதல் தடவை. நாட்டின் பொன்விழா ஆண்டு என்பதால் ஜூபிலி, ஜூபி லீ. அரும்பொருளகத்துக்காரர்கள் அந்த அழுகிய உடம்பை நாட்கணக்கில் அறுத்து, சதை நீக்கி, எலும்பைச் சுத்தம் செய்து மறு ஆண்டே காட்சிக்கு வைத்தார்கள். மீன் சந்தையில் வெயில் ஏறிய பிறகு வருகிற வாடையே நமக்குத் தாங்காது, இது டன் கணக்கில்! வயிற்றுக்குள் கணவாயின் அலகுகள் குவியலாக இருந்தன, அதுதான் அதன் சாப்பாடு. கூடவே பிளாஸ்டிக் குவளை, பிளாஸ்டிக் உறை. இதைக் கேட்டால் உங்கள் மகள் மறுபடி அழலாம். ஆனால் இந்த அழுகைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அவளே அடுத்த கேள்வியைக் கேட்பாள், நீங்கள் பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு பேருமாக யோசிக்கலாம்.

திமிங்கிலம் என்றதும் எனக்கு என் அப்பா ஞாபகம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஸ்டாம்ஃபர்ட் சாலைக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். மேலே கூரையிலிருந்து பெரிய திமிங்கில எலும்புக்கூடு ஒன்று தொங்கும். நான் அதைத் தலைகீழாகக் கட்டிவைத்த தோணி என்றே நினைத்தேன். அப்பாவும் இல்லை என்று சொல்லவில்லை, அவருக்கும் தெரியுமோ என்னவோ. 1892இல் மலாக்கா பக்கம் கரை ஒதுங்கியது அது, 1907 முதல் இங்கே தொங்கியது, 1974இல் மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள், இப்போது லாபுவானில் இருக்கிறது. என் வயதுக்காரர்கள் பலருக்கு அந்த அரும்பொருளகம் என்றாலே அந்தத் திமிங்கிலம்தான். நாற்பது வருடம் கழித்து இன்னொரு திமிங்கிலம் தானாக வந்து சேர்ந்தபோது, செத்த உயிருக்காகச் சந்தோஷப்படுகிறோமே என்று சங்கடமாகவும் இருந்தது, போய்ப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. நீங்கள் சுவா சூ காங்கில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் காட்டில் திரிந்த கடைசிப் புலி என்று சொல்லப்படுகிற புலியை 1930இல் சுட்டது உங்கள் வட்டாரத்தில்தான். மகளிடம் சொல்லுங்கள், நம் புளோக் இருக்கிற பக்கம் ஒரு காலத்தில் புலி நடந்தது என்று. வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், அன்று ராத்திரி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பாளா இல்லையா பாருங்கள்.

தொடக்கநிலை 5 படிக்கும் மகனுக்கு அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கநிலை இறுதித் தேர்வு). இந்த அரும்பொருளகத்துக்குப் போனால் அறிவியல் பாடத்துக்கு உதவுமா? பயிற்சித்தாள் ஏதாவது தயாரித்து எடுத்துப் போகலாமா?
— ஒரு வாசகி, ஈசூன்

உதவும், உதவாது, இரண்டும் சொல்லலாம். உயிர்களை வகைப்படுத்துவது, உயிர்களின் தகவமைப்பு எல்லாம் பாடத்தில் இருக்கிறது, இங்கே கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் பயிற்சித்தாளோடு போகிற பிள்ளை விலங்கைப் பார்க்காது, விடை எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது என்று தேடி எழுதிவிட்டு "முடிஞ்சிது, போலாமா?" என்று கேட்கும். ஒரு துணைப்பாட வகுப்புக் கூட்டம் அப்படி வந்து பத்தே நிமிடத்தில் ஒரு கூடத்தைக் கடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன், ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வெறும் நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பிடித்த ஒன்றை மட்டும் வரையச் சொல்லுங்கள். நண்டை வரைந்தால் கால் எத்தனை என்று எண்ணித்தானே ஆக வேண்டும்?

அன்புள்ள சகோதரிக்கு, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், விடுமுறையில் பேரப்பிள்ளைகள் (9, 6) என் பொறுப்பு. அரும்பொருளகத்துக்குப் போக ஆசைப்படுகிறார்கள். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்வேன்? வேறு யாரோடாவது அனுப்பலாமா?
— ஒரு தாத்தா, செங்காங்

ஐயா, உங்களைவிட நல்ல துணை அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது, சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை. பெரியவனுக்கு ஒன்பது வயது, ஆங்கிலத்தை அவன் படிப்பான். படித்துவிட்டு உங்களிடம் வந்து சொல்லட்டும். தாத்தாவுக்குத் தெரியாததைத் தான் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதில் பிள்ளைகளுக்கு இருக்கிற குஷி இருக்கிறதே, அது எந்த வழிகாட்டி வைத்தாலும் வராது.

நீங்கள் சொல்ல வேண்டியது வேறு. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாங்கோலின் தெரியும், அழுங்கு என்றால் தெரியாது. சிவெட் தெரியும், மரநாய் தெரியாது. ஹார்ன்பில் தெரியும், இருவாச்சி தெரியாது. நீங்கள் கிராமத்தில் உடும்பை நேரில் பார்த்திருப்பீர்கள், உடும்புப் பிடி என்று ஏன் சொல்கிறோம் என்று நகத்தைக் காட்டிச் சொல்வீர்கள். இங்கேயும் கால்வாய் ஓரத்தில் உடும்பு வெயில் காய்வதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், அதே இனம் இல்லாவிட்டாலும் பங்காளிதான். தேவாங்கு என்பது நம் ஊரில் ஒல்லிப் பிள்ளையைத் திட்டுகிற வார்த்தை, இங்கே காட்டில் அதன் உறவுக்காரன் இருக்கிறான், அதே உருட்டு விழி. எப்போதாவது அப்படித் திட்டியிருந்தால் நேரில் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

சருகுமானைத் தேடிப் பாருங்கள். மான் என்றதும் கொம்பும் துள்ளலும் எதிர்பார்க்காதீர்கள், முயல் அளவுதான், குச்சி மாதிரி கால். மலாய்க் கதைகளில் வருகிற சாங் கஞ்சில் இதுதான், முதலைகளை வரிசையாக நிற்க வைத்து ஏமாற்றி முதுகு மேலேயே ஆற்றைத் தாண்டுகிற கெட்டிக்காரன். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்திருக்கும், அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்கள் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயல் கதையைச் சொல்லுங்கள். யார் பெரிய கில்லாடி என்று அங்கேயே வழக்கு நடக்கட்டும், கொஞ்சம் மெதுவான குரலில்.

இன்னொரு விஷயம், இது வாசலுக்கு வெளியிலேயே கிடைக்கும். இங்கத்து அணிலைக் கவனித்தீர்களா? முதுகில் மூன்று கோடு இருக்காது. ராமர் தடவின கதையைச் சொல்லி வளர்த்த நமக்கு முதலில் அது அணிலா என்றே சந்தேகம் வரும். இது வேறு இனம், வயிறு செம்பழுப்பு, விலாப் பக்கத்தில் மட்டும் கறுப்பும் வெளுப்புமாகக் கோடு. "ஏன் தாத்தா இதுக்கு ராமர் கோடு போடல?" என்று சின்னது கேட்டால், "பாலம் கட்டும்போது இது இங்கே இருந்திருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். அரும்பொருளகத்துக்காரர்கள் சொல்கிற பதிலும் அதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை: கடல் பிரித்த இடங்களில் இனங்கள் தனித்தனியாக உருவாகின்றன.

போகிற வழி: கிளமெண்டி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 96ஆம் எண் பேருந்து எடுத்தால் அரும்பொருளகம் இருக்கிற தேசியப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கொண்டுபோய் விடும். பாசி படர்ந்த பெரிய பாறை மாதிரி, ஜன்னலே அதிகம் இல்லாத ஒரு கட்டடம், அதுதான். திங்கட்கிழமை மூடியிருக்கும். டிக்கெட்டை மகனிடம் சொல்லி இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

மூன்று பிள்ளைகள், நாங்கள் இருவர், மாமியார். ஆறு டிக்கெட் எடுத்தால் அந்த மாதப் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. அவ்வளவு காசுக்குத் தகுமா? காசில்லாமல் ஏதாவது உண்டா?
— ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பிள்ளைகளோடு ஒருவர் மட்டும் போங்கள், ஆறு பேரும் போக வேண்டும் என்று யார் சொன்னது? மாமியாருக்கு அதில் ஆசை இருக்கிறதா என்று கேட்டீர்களா? காசில்லாமல் என்றால், சாங்கி விமான நிலையத்தையும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவையும் இணைக்கிற பாதையில் 2020இல் திறந்த டைனோசர் சிலை வரிசை இருக்கிறது, பல ஆளுயரத்துக்கு மேல், பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்ப்பார்கள். அவை பொம்மைகள்தான், சின்னதுகளுக்கு அது போதும். உங்கள் பக்கமே சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் இருக்கிறது, காலையில் அலை வற்றும் நேரமாகப் பார்த்துப் போனால் சேற்றில் மீன் நடப்பதைப் பார்க்கலாம், நிஜமாகவே துடுப்பை ஊன்றி நடக்கும். நீர்நாய்கள் பல வருடம் காணாமல் போய் 1998இல் திரும்பி வந்தது அங்கேதான். இப்போது நகரம் முழுக்கத் திரிகின்றன, தனியார் வீட்டுக் குளத்து மீனைக்கூட விட்டுவைப்பதில்லை. அரும்பொருளகத்துக்குப் போவதற்கு முன் இங்கே ஒரு தடவை போய்விட்டால், அங்கே பாட்டிலுக்குள் இருப்பதைப் பார்க்கும்போது "நாம பாத்தோமே!" என்பார்கள். ஒரு தகவல்: பாட்டிலில் சாராயச் சத்தில் ஊறுகிற பாம்பும் மீனும் நிறம் போய் வெளுத்திருக்கும். உயிரோடு இருக்கும்போது அப்படி இருக்காது என்று முன்பே சொல்லி வையுங்கள்.

அக்கா, அரும்பொருளகத்துக்குப் போய் வந்ததிலிருந்து என் எட்டு வயது மகன் வீட்டிலேயே ஒன்று வைக்கப்போகிறேன் என்று அடம். கடற்கரையில் சிப்பி, சங்கு, செத்த வண்டு, காய்ந்த இலை, யாரோ போட்ட மீன் முள், எல்லாம் என் சமையலறை ஜன்னல் திட்டில். எறும்பு வருகிறது. தடுக்கவும் மனம் இல்லை.
— ஓர் அம்மா, பிடோக்

தடுக்காதீர்கள், ஒழுங்குபடுத்துங்கள். மீன் முள்ளை வெந்நீரில் போட்டுக் கழுவிக் காய வைத்தால் எறும்பு வராது, காயவில்லை என்றால் எறிந்துவிடுங்கள், அதில் தாட்சண்யம் வேண்டாம். இயற்கைக் காப்பகங்களிலிருந்தும் பூங்காக்களிலிருந்தும் எதையும் எடுத்து வருவது சட்டப்படி தப்பு என்பதை அவனுக்குச் சொல்லிவிடுங்கள். கடற்கரைச் சங்குக்கும் ஒரு காரணம் சொல்லலாம்: அதற்குள் குடியேறி வாழுகிற நண்டு இருக்கிறது, நல்ல சங்கு ஒன்று குறைந்தால் அதற்கு ஒரு வீடு குறைகிறது. நம் ஊரில் வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியாதா? சங்கைப் படம் வரைந்துகொண்டு அங்கேயே விட்டுவிடட்டும். வீட்டில் சேர்ப்பதற்கு வேறு நிறைய இருக்கிறது: மாங்கொட்டை, முருங்கை விதை, ரம்புத்தான் கொட்டை, புளோக்கின் கீழே உதிர்ந்த காய், மின்விசிறியில் அடிபட்ட பூச்சி.

ஆனால் ஒரு நிபந்தனை போடுங்கள். சீட்டு எழுதாத பொருளுக்குப் பெட்டியில் இடமில்லை. என்ன, எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, எடுத்தது யார், நான்கு வரி. ஆராய்ச்சிக்காரருக்குப் பாதி உயிர் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. வாலஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் 1854இல் சிங்கப்பூர் வந்து புக்கிட் தீமா பக்கம் தங்கி, ஏறக்குறைய இரண்டே மாதத்தில் 700 வகை வண்டு பிடித்தார். வண்டு பிடிக்க யாராலும் முடியும், உங்கள் மகனே பிடித்திருக்கிறான். எதை எங்கே பிடித்தோம் என்று குறித்து வைத்ததால்தான் எந்த உயிர் எந்த நிலத்தில் வாழ்கிறது, ஏன் வாழ்கிறது என்று அவரால் பிற்பாடு யோசிக்க முடிந்தது. சீட்டில்லாத வண்டு வெறும் குப்பை, உங்கள் ஜன்னல் திட்டில் இருப்பதைப் போல. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குப் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. கென்ட் ரிட்ஜில் பெரிய கடலாமை ஒன்றைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், முதுகில் ஓடு இல்லாமல் தோல் மூடிய வகை. அது எங்கே, எப்போது கிடைத்தது தெரியுமா? சிக்லாப், 1883. இந்த இரண்டு சொல்லை யாரோ ஒருவர் அன்றைக்கு எழுதி வைத்தார். இல்லாவிட்டால் அது ஏதோ ஓர் ஆமை. இப்போது நாம் சிக்லாப்பில் நின்றால் கடலே கண்ணில் படாது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவே பிற்பாடு கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். அந்த ஆமை பிடிபட்ட காலத்தில் சிக்லாப் கடலோரக் கிராமம்.

மகனை அடுத்த தடவை கூட்டிப் போகும்போது அந்த ஆமை முன்னால் நிறுத்தி, வீட்டிலிருந்து எத்தனை பேருந்து நிறுத்தம் தள்ளி இது பிடிபட்டது என்று எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு காலி பிஸ்கட் டின்னும் பசைத்தாளும் வாங்கிக் கொடுங்கள். சீட்டைத் தமிழிலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். புளியங்கொட்டையை என்னவென்று எழுதுகிறான் என்று எனக்கும் எழுதி அனுப்புங்கள்.